என் அடிய எடுத்துட்டுப் போனவன்

சாரிக்கா, கால் இடிச்சிருச்சா? இடிக்கலையா, அப்ப சத்தமா? ஆமா ஆமா, நான்தான். கீழ தகரம்ல, அதான் கணீர்னு கேக்குது. பஸ்ல உக்காந்தாலே போதும்கா, கால் அது பாட்டுக்கு ஆரம்பிச்சிரும். எங்கம்மா திட்டிட்டே இருப்பாங்க, சாப்பிடறப்ப தட்டு ஆடுதுடான்னு. நிறுத்திடறேன்.

என்ன கேட்டீங்க? எங்கயோ கேட்ட அடி மாதிரி இருக்கா? சான்ஸே இல்லக்கா. கோச்சுக்காதீங்க, நீங்க இத எங்கயும் கேட்ருக்க முடியாது. இது என்னோட அடி. இதுக்குப் பேரே நந்து ரோல், ரோல்னா உருண்டு வர்ற மாதிரி தொடரா விழற அடி. நந்துங்கறது நான்தான், ரகுநந்தன். கடைசில ஒரு அடி மட்டும் கொஞ்சம் தாமதிச்சு, நொண்டிகிட்டு வர்ற மாதிரி வருது பாருங்க, இருங்க மறுபடி போடறேன்... அந்தா. அந்த நொண்டிதான்கா இதோட உயிரே. உலகத்துல வேற யாருக்கும் அது வராது. அதத் தூக்கிட்டு ஒருத்தன் மெட்ராஸ் போயிட்டான். என் கூடவே இருந்தவன், பூபாலன்னு பேரு. சாயங்காலம் அங்க அவன் புரோகிராம். அதுக்குத்தான் போய்ட்ருக்கேன். முன்வரிசைல உக்காந்து அவன் மூஞ்சியவே பாக்கப் போறேன். ஆடட்டும், எப்டி ஆடறான்னு பாக்கறேன்.

நீங்க எங்க இறங்கணும்? விழுப்புரமா? அப்ப நேரம் இருக்கு. இன்னும் சமயபுரம் டோலே தாண்டல.

டேப் டான்ஸ் தெரியுமாக்கா? கரெக்ட், ஷூவுல சத்தம் வரும், தொப்பி, கோட்டு, கையில குச்சி. எல்லாரும் அதான் சொல்வாங்க. எனக்குக் கோவம் வர்றதே அங்கதான். அந்தத் தொப்பியும் கோட்டும் ரொம்ப பின்னாடி வந்ததுக்கா. அதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டாங்க. நான் ஒரு வருஷமா அதத்தான் படிச்சுகிட்ருக்கேன். வேலைக்கு நடுவுல, கஸ்டமருக்கு நடுவுல, லிஃப்ட்ல, பாத்ரூம்ல.

ஆப்பிரிக்காவுலேர்ந்து ஆளுங்களப் புடிச்சுட்டு வந்து அமெரிக்கால அடிமையா வச்சிருந்தாங்கல்ல. அவங்க கிட்ட மேளம் இருந்துச்சு. தென் கரோலினான்னு ஒரு இடத்துல அடிமைங்க ஒரு நாள் கிளம்பிட்டாங்க, மேளம் அடிச்சுகிட்டே, வழியில நிக்கறவன எல்லாம் சேத்துகிட்டு. அத அடக்கினாங்க, ரத்தக்களறி. அப்புறம் சட்டம் போட்டாங்க, எவனும் மேளம் வச்சிருக்கக் கூடாதுன்னு. ஏன்னா மேளம் பேசும். இந்த ஊர்லேர்ந்து அந்த ஊருக்கு சேதி போகும். பயம்கா. சரி, மேளத்தப் புடுங்கிட்ட, காலப் புடுங்க முடியுமா? தொடையத் தட்டுனாங்க, நெஞ்சத் தட்டுனாங்க, பலகை கெடச்சா வெறுங்கால்ல அடிச்சாங்க. ஷூவுக்கு அடியில இரும்பெல்லாம் அப்ப கெடையாது. மொதமொத டேப் டான்ஸ் வெறுங்கால்தான். இத ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் அயர்லாந்துலேர்ந்து பஞ்சத்துல ஓடி வந்த வெள்ளக்காரங்க. நியூயார்க்ல அவங்களுக்கும் நல்ல தெரு கெடைக்கல, இவங்களுக்கும் கெடைக்கல. ரெண்டு கூட்டமும் ஒரே சாக்கடைக்குப் பக்கத்துல. அவங்க ஆட்டம் கெட்டிச் செருப்பு ஆட்டம். இவன் கால அவன் பாத்தான், அவன் கால இவன் பாத்தான். மாத்தி மாத்தி ஆடினாங்க, போட்டி போட்டாங்க. அதுல பொறந்ததுதான்கா இது. அது வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் என்ன பண்ணான் தெரியுமா வெள்ளக்காரன்? மூஞ்சில கரியப் பூசிகிட்டு, கறுப்பா வேஷம் கட்டி, அவங்க ஆட்டத்தையே மேடையில ஆடிக் காசு பாத்தான். ஊரே சிரிச்சுது. நெஜமா அந்த அடியக் கண்டுபுடிச்சவன் வெளில நிக்கறான். போஸ்டர்ல பேரு இல்ல. எத்தன பேரு, யாரு எந்த அடிய மொதல்ல அடிச்சான், ஒருத்தன் எழுதி வைக்கலக்கா. ஒரு பேரு கூட கேக்கல. இதப் படிச்சுட்டு எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல.

அதனாலதான் பின்னாடி ஹார்லம்னு ஒரு ஏரியாவுல, கறுப்பு ஆட்டக்காரங்க கூடுற ஒரு ரூம்ல, ஒரு கட்டுப்பாடு வச்சிருந்தாங்களாம். அடுத்தவன் அடிய நீ எடுத்துக்கலாம், தப்பில்ல. ஆனா அப்படியே போடக் கூடாது. மாத்தணும், உன்னோடத எதாவது சேக்கணும். அப்படியே போட்டா நீ திருடன். அவ்ளோதான், ரூம விட்டு வெளிய. எனக்கு அது கீதை மாதிரிக்கா. பூபாலன் அதத்தான் மீறிட்டான்.

ஒரு நிமிஷம்கா, மேனேஜர் மெசேஜ். வயித்து வலின்னு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். "டாக்டர் கிட்ட இருக்கேன் சார்"... அனுப்பிட்டேன். சொல்லுங்க. இல்ல, நான்தான் சொல்லிட்ருந்தேன்ல.

பூபாலனும் நானும் திருச்சில ஒரே மொபைல் ஷோரூம்ல வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்துல நான் ஸ்டாக் ரூம் போயிருவேன். அங்க சரக்கு வர்ற மரச்சட்டம் கெடக்கும், அது மேல ஏறி பிராக்டிஸ். எல்லாரும் சிரிப்பாங்க, நந்துவுக்கு நட்டு கழண்டுருச்சுன்னு. பூபாலன் மட்டும் சிரிக்கல. மூலையில உக்காந்து சாப்ட்டுகிட்டே கேட்டுகிட்ருந்தான். ஒரு நாள் நான் ஒரு அடி போட்டு நிறுத்தறேன், டிபன் மூடில விரலால பதில் வருது. நான் வேற போட்டேன், அதுக்கும் பதில். எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுக்கா. ஏன்னா டேப்னா அதுதான். ஆடறது இல்ல, பேசறது. ஒருத்தன் கொஞ்சம் பேசுவான், மத்தவன் நின்னு கேப்பான், அப்புறம் அவன் முறை. கேக்கத் தெரியாதவன் இதுல காலே வைக்கக் கூடாது. காதுதான் மொதல்ல...

இருங்கக்கா, முடிச்சிடறேன், அப்புறம் நீங்க சொல்லலாம்.

அவனுக்கு ஷூ நான்தான் வாங்கிக் குடுத்தேன். பழைய லெதர் ஷூ, லேத் பட்டறையில தகடு வெட்டி, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஸ்க்ரூ போட்டுக் குடுத்தேன். இந்தா இந்தப் பையில இருக்கு பாருங்க, அதே ஷூதான். வீட்டுக்கு வருவான், மொட்டை மாடில ப்ளைவுட் போட்டு ஆடுவோம். எங்க வீட்ல அதெல்லாம் வித்தியாசமே பாக்க மாட்டாங்கக்கா. எங்கம்மா அவனுக்குன்னு தனியா ஒரு டம்ளரே வச்சிருந்தாங்கன்னா பாத்துக்கோங்க. நீல கலர்ல ஒரு பொட்டு வச்சு, மத்ததோட கலந்துராம. யாருக்காவது அப்டி வைப்பாங்களா? அவ்ளோ பாசம்.

ரூமும் நான்தான் புடிச்சுக் குடுத்தேன். உறையூர்ல சபாபதி அங்கிள்னு எங்க அப்பா பிரண்டு, அவர் வீட்டு மாடி ரூம். அவர் ஆள் பாத்துதான் குடுப்பாரு. என்ன ஆளுங்க, எந்தப் பக்கம்னு கேட்டாரு. நான் யோசிக்கவே இல்ல, நம்ம பையன்தான் அங்கிள்னுட்டேன். அப்ப எனக்கு அவங்க வீட்டப் பத்தி எதுவும் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சொல்லிருப்பேன்னு வைங்க.

தெரிஞ்சது பொங்கலப்பதான். லீவுல அவன் ஊருக்குக் கூட்டிட்டுப் போனான், மணப்பாறைக்கு அந்தாண்ட. அவனாக் கூப்பிடல, நான்தான் தொங்கிகிட்டுப் போனேன்னு வைங்க. பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து போறோம், ஊரு முடிஞ்சும் நடக்கறோம். அங்க போனா அவங்க அப்பா நெருப்புக்குப் பக்கத்துல உக்காந்து பறைய வாட்டிகிட்ருக்காரு. அவரு சாவுக்கு அடிக்கிறவராம். சுத்துப்பட்டு எல்லாத்துக்கும் அவருதான் போவாராம்.

அக்கா, எனக்கு அங்கயே கண்ணுல தண்ணி. நான் எங்கயோ அமெரிக்கால தேடிகிட்டு இருக்கேன், இங்க இருக்கு. மேளம் அடிக்கறவன தள்ளி வச்சிருக்கற அதே கதை. நான் அந்த எடத்துலயே பூபாலன் கிட்ட தென் கரோலினா கதைய ஃபுல்லா சொன்னேன். அவன் வெறகத் தள்ளிகிட்டே ம் ம்னான். அவங்க அப்பா அப்பப்ப நிமுந்து பாத்தாரு.

அப்புறம் அடிச்சுக் காமிக்கச் சொன்னேன். அவருக்கு இடது மணிக்கட்டு முன்ன ஒரு தடவ முறிஞ்சு கோணலா சேந்திருக்கு. அந்தக் கையில நீளக் குச்சி. அதனால அந்தக் குச்சி விழற அடி மட்டும் ஒரு இழை தாமதமா வரும். வலிச்சுகிட்டு வர்ற மாதிரி. நான் மறுபடி மறுபடி கேட்டு போன்ல ரெகார்ட் பண்ணிகிட்டேன். போதும்டா, கை வலிக்கும்னு பூபாலன் சொன்ன பிறகுதான் விட்டேன்.

அதேதான்னு சொல்ல வர்றீங்க, தெரியுது. இல்லக்கா. அவரு அடிச்சது மேளத்துல. நான் அதக் கால்ல கொண்டு வந்தேன். கையில இருந்தத காலுக்கு மாத்தறது மாத்தறதுதானே? கட்டுப்பாடு அதத்தான சொல்லுது? திரும்பி வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல பூபாலன் சும்மா வெளயாட்டுக்கு அதக் கால்ல போட்டுக் காமிச்சான், அது உண்மதான், நான் மறைக்கல. ஆனா அவன் போட்டுட்டு விட்டுட்டான். பேரு வச்சது யாரு? வீடியோ எடுத்துப் போட்டது யாரு? அதுக்கு வந்த லைக் பூரா யாருக்கு வந்துச்சு? அப்பல்லாம் அவன் ஒரு வார்த்த சொல்லல. என்னடா இப்டி நந்து ரோல்னு போட்டிருக்கன்னு கேட்டிருக்கலாம்ல. வெறுமனே அந்த வீடியோவ ஒரு தடவ பாத்தான், போன என் கையில குடுத்தான், கஸ்டமர் வந்துட்டாங்கன்னு போயிட்டான்.

அந்த பஸ் ஸ்டாண்டுலதான் இன்னொண்ணும் சொன்னான். "நந்து, இந்த ஊரு விஷயம் இங்கயே இருக்கட்டும். கடையிலயும் வேணாம், சபாபதி சார் வீட்லயும் வேணாம். என்னைக்கு சொல்லணுமோ அன்னைக்கு நானே சொல்லிக்கறேன்." நான் அவன் தோள்ல கை போட்டு, டேய், எங்கிட்ட போய் இதெல்லாம் சொல்றியேடான்னேன். எவ்ளோ வருத்தமாயிருந்துச்சு தெரியுமா, என்ன நம்பலியேன்னு.

டீயா? அக்கா டீ குடிக்கிறீங்களா, பஸ் நிக்குது. வேணாமா? நானும் எறங்கல. விட்ட எடத்துல விட்டா மறந்துரும்.

கன்டோன்மென்ட்ல ஒரு பழைய கிளப் ஹால் இருக்குக்கா. தரை பூரா தேக்குப் பலகை. வெள்ளக்காரங்க ஆடறதுக்குன்னு போட்டது. அதுல ஒரு கலைநிகழ்ச்சி, எங்களுக்கு ஒரு சின்ன ஸ்லாட் கெடச்சுது. எப்டி அலைஞ்சு வாங்கினேன் தெரியுமா. திருச்சில மொத தடவையா டேப் டான்ஸ்னு நானே நோட்டீஸ் அடிச்சேன். கடை முழுக்க வந்துச்சு, மேனேஜர் குடும்பத்தோட. சபாபதி அங்கிளுக்கு நானே நேர்ல போய் பாஸ் குடுத்தேன், நம்ம பசங்க ஆடறோம் அங்கிள்னு. மொத வரிசை.

பிளான் என்னன்னா, நான் கொஞ்சம் ஆடுவேன், அவன் பதில் சொல்வான். மாத்தி மாத்தி. கடைசில ரெண்டு பேரும் ஒண்ணா. டேப்ல அப்டித்தான்கா முடிப்பாங்க, எவ்ளோ போட்டி போட்டாலும் கடைசில மேடையில இருக்கறவன் எல்லாம் ஒரே அடிய சேந்து ஆடித்தான் கலைவான். எனக்கு டேப்லயே புடிச்சது அதான்.

ஆட்டத்துக்கு முன்னாடி நான் மைக் வாங்கினேன். சும்மா எறங்கி ஆடிட்டா ஜனங்களுக்கு என்ன புரியும்? கதைய சொன்னேன். அடிமை, மேளம், சட்டம், கரி பூசின மூஞ்சி, எல்லாம். ஹால்ல சத்தமே இல்ல, அப்டிக் கேக்கறாங்க. எனக்கு உள்ள பொங்கிகிட்டு வருது. அந்த நேரத்துல திரும்பிப் பாக்கறேன், பூபாலன் பக்கத்துல ஷூ போட்டுகிட்டு நிக்கறான். எனக்குத் தோணுச்சு, இப்ப விட்டா இத எப்பச் சொல்றது? இவங்க அமெரிக்காவுக்காக வருத்தப்படறாங்க, பக்கத்துல இருக்கறவனுக்காக ஒரு தடவ வருத்தப்படட்டுமே. அவன் தோள்ல கை வச்சு சொன்னேன். "எங்கயோ போக வேணாங்க. இதோ நிக்கறானே என் நண்பன் பூபாலன், இவங்க அப்பா சாவுக்குப் பறை அடிக்கிறவரு. ஊருக்கு வெளியிலதான் வீடு. இவன நான் என் மேடையில ஏத்திருக்கேன்."

எவ்ளோ பெருமையா சொன்னேன் பாருங்க. ஒரு வார்த்த தப்பா இருக்கா? நீங்களே சொல்லுங்க.

என்னக்கா அப்டி பாக்கறீங்க.

கைதட்டல் வரும்னு பாத்தேன். பின்னாடி யாரோ ஒருத்தர் தட்டினாரு, அப்புறம் அவரும் நிறுத்திட்டாரு. பூபாலன் என்ன பாக்கவே இல்ல. சபாபதி அங்கிளப் பாத்தான். அப்புறம் குனிஞ்சான். நான் லேஸ் டைட் பண்றான்னு நெனச்சேன். அவிழ்த்தான்கா. ரெண்டு ஷூவையும் கழட்டி, அந்தத் தேக்குப் பலகையில சத்தம் வராம பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, வெறுங்காலோட படியில எறங்கி, நடுவுல இருக்கற வழியிலயே நடந்து வெளில போயிட்டான். ஓடல, பொறுமையா போனான். பாட்டு ஆரம்பிச்சிருச்சு. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க, அவ்ளோ ஜனம். நானே என் முறைய ஆடிட்டு, இந்தாண்ட ஓடி வந்து அவன் முறையையும் நானே ஆடினேன். கேள்வியும் நானே பதிலும் நானே. மூச்சு வாங்குது. ஜனங்க சிரிச்சாங்க, காமெடின்னு நெனச்சுட்டாங்க. என் வாழ்க்கையில அவ்ளோ அசிங்கம் நான் பட்டதில்லக்கா. நடு மேடையில விட்டுட்டுப் போறது துரோகம் இல்லாம வேற என்ன?

அடுத்த நாள் கடைக்கு வந்தான். பேசவே இல்ல. நான் போய், டேய் ஏன்டா இப்டிப் பண்ணன்னு கேட்டேன். "உன் மேடைதானே, நீயே ஆடு"ன்னான். அவ்ளோதான். அவன் சாப்பாட்டுக்கு ஸ்டாக் ரூம் வர்றத நிறுத்திட்டான். மத்த பசங்க கூடவும் உக்காரல. உக்காரலன்னா, அவங்களும் கூப்பிடலன்னு வைங்க, அது அவங்க இஷ்டம், அதுக்கு நான் என்ன பண்றது. மேனேஜர் அவன கவுன்ட்டர்லேர்ந்து எடுத்து குடோனுக்கு மாத்தினாரு. ஆள் பத்தலன்னு சொன்னாரு.

சபாபதி அங்கிள் அந்த மாசமே ரூம காலி பண்ணச் சொல்லிட்டாரு. வீட்டுக்கு வெள்ளையடிக்கணுமாம். நியாயம்தானே, ரொம்ப வருஷமா அடிக்கல. ஆனா காலி பண்றத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணுமா வேணாமா? ரூம் புடிச்சுக் குடுத்தவன் நான். போய்ப் பாக்கறேன், கதவுல பூட்டு. அங்கிள் எங்கிட்டயும் சரியா மூஞ்சி குடுத்துப் பேசல. நம்ம பையன்னு சொன்னியேப்பான்னு மட்டும் கேட்டாரு. நம்ம பையன்தான் அங்கிள்னேன். உள்ள போயிட்டாரு. இப்ப அங்க வேற யாரோ குடியிருக்காங்க. வெள்ளை இன்னும் அடிக்கல, ஆள் கெடைக்கல போல.

எங்கம்மா கூட கேட்டாங்க, எங்கடா அந்தப் பையன் வர்றதே இல்லன்னு. அந்த டம்ளர் கூட அப்டியே தனியா கெடக்குக்கா. யாரும் தொடல. அந்த நன்றி வேணாமா ஒருத்தனுக்கு?

அப்புறம் வேலைய விட்டுட்டு மெட்ராஸ் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். நான் விட்டுட்டேன், போகட்டும்னு. சத்தியமா மறந்துட்டேன். போன வாரம் ஒருத்தன் ஒரு வீடியோ அனுப்பறான், "நந்து, உன் ரோல்தான இது?"ன்னு. பாத்தவுடனே எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. இருங்க, காட்டறேன். டவர் இருக்கா? இருக்கு.

இந்தாங்க, ஹெட்செட் ஒரு காதுல வச்சுக்கோங்க. பாருங்க, ஏதோ ஒரு சின்ன ஹால். பலகை போட்ருக்கான். அந்தா ஸ்டூல்ல உக்காந்திருக்கறது யாரு? அவங்க அப்பா. மடியில பறை. எந்த விஷயம் வெளிய தெரியக் கூடாதுன்னானோ, அத அவனே கூட்டிட்டு வந்து மேடையில உக்கார வச்சிருக்கான். இப்ப பாருங்க, மைக் வாங்கறான். என்ன சொல்றான் கேளுங்க. "இவரு எங்கப்பா. இது அவரு அடி. கேளுங்க." அவ்ளோதான், மைக்க வச்சுட்டான். ஜனம் பாருங்க எப்டித் தட்டுது. அதையேதானக்கா நானும் சொன்னேன்? நான் விவரமா சொன்னேன், வரலாறோட சொன்னேன். நான் சொன்னா செருப்பக் கழட்டிட்டுப் போவான், அவன் சொன்னா கைதட்டலா?

இப்ப கால்ல பாருங்க. ஷூ இல்ல. வெறுங்கால். இரும்பு இல்லாம இது டேப்பே கெடையாதுக்கா. சும்மா குதிக்கறது. மொதமொத ஆட்டமே வெறுங்கால்னு நான்தான சொன்னேங்கறீங்களா? அது வேற, அது அந்தக் காலத்துல, அவங்களுக்கு வேற வழியில்ல. இவனுக்குத்தான் நான் ஷூ வாங்கிக் குடுத்தேனே.

அந்தா வருது பாருங்க. இதான், இதான் நந்து ரோல். அந்த நொண்டி அடி, கேட்டீங்களா? பெரியவரு குச்சி விழற அதே எடத்துல இவன் குதிகால் விழுது. ஒரு இழை கூட மாத்தல. அப்படியே போட்ருக்கான். ஹார்லமா இருந்தா இந்நேரம் தூக்கி வெளிய போட்ருப்பாங்க. அப்படியே போட்டா திருடன், அவ்ளோதான் கட்டுப்பாடு. அவங்க அப்பாவோடது அவனோடதுதானேங்கறீங்களா? அது எப்டிக்கா, அப்ப நான் யாரு?

என்ன கேட்டீங்க? அவரு பேரா?

யாரு, அவங்க அப்பா பேரா? அது... அப்பான்னுதான்கா கூப்ட்டேன். இல்ல, கேக்கல. எதுக்குக் கேக்கணும், பெரியவங்க. ரெண்டு நாள்தான இருந்தேன். ரெகார்டுல "மணப்பாறை பறை"ன்னு போட்டு வச்சிருக்கேன். இருங்க, கீழ எழுதியிருக்கான் போல. ஆமா. "பறை: மாரிக்கண்ணு. ஆட்டம்: மா. பூபாலன்." மாரிக்கண்ணுவாம்.

இன்னும் கீழ பாருங்க. பலகை குடுத்தவன் பேரு இருக்கு, லைட் போட்டவன் பேரு இருக்கு, டீ கடைக்காரருக்கு நன்றியாம். நந்துன்னு எங்கயாவது இருக்கா? தேடிப் பாருங்க. நான் பூரா தேடிட்டேன். டேப்னு ஒண்ணு இருக்குன்னு அவனுக்குச் சொன்னதே நான். ஒரு பேரு, ஒரே ஒரு பேரு போட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பான்? அதான்கா எனக்கு ஆற மாட்டேங்குது. காலம் காலமா இதேதான் நடக்குது. கஷ்டப்பட்டவன் ஒருத்தன், பேரு வாங்கறவன் ஒருத்தன்.

மறுபடி பாக்கணுமா? பாருங்க பாருங்க. பெருசு பண்ணி வேற பாக்கறீங்களா. அங்க இல்லக்கா, கால் கீழ இருக்கு, நீங்க அவரையே பெருசு பண்றீங்க. கையத்தான் பாக்கணுமா? சரி.

அய்யோ, அக்கா. என்னக்கா இது. அழாதீங்க. எனக்கே அழுகை வரல. இதுக்குத்தான் நான் யார் கிட்டயும் சொல்றதில்ல, சொன்னா மனசு தாங்க மாட்டாங்க. துரோகத்துக்கு இருக்கற வலி அப்டி. தண்ணி இருக்கு, இந்தாங்க.

என்னது? எங்க கேட்டீங்க?

உங்க அப்பா சாவுக்கா. எப்ப? மணப்பாறை பக்கம் வையம்பட்டிலயா?

இல்லக்கா, அது வேற யாராவதா இருக்கும். ஒரு அடி மட்டும் நின்னு வரும்னா, அப்டி எல்லாரும்தான் அடிப்பாங்க. சாவுக்கு அடிக்கறதெல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும். அந்த நேரத்துல உங்களுக்கு என்ன ஞாபகம் இருந்திருக்கப் போகுது. கடைசி வரைக்கும் கூடவே வந்தாரா? சுடுகாட்டுல எல்லாரும் போன பிறகும் நின்னு அடிச்சாரா? அது... அது அவங்க தொழில்க்கா.

இல்ல, நான் ஒண்ணும் தப்பா சொல்லல.

விழுப்புரம் வந்துருச்சா? அதுக்குள்ளயா. பையக் குடுங்க, நான் எறக்கித் தர்றேன். வேணாமா. அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. நான் பூரா சொல்லிட்டேன்ல, எதையும் மறைக்கல. யாரு யாருக்குத் துரோகம் பண்ணது? நீங்களே...

என்ன, ஷூவா? ஷூவ அவன் கிட்ட குடுத்துட்டு, மாரிக்கண்ணு அய்யான்னு அவங்க அப்பாவப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு வரணுமா? அவரப் போய் எதுக்கு... அக்கா. அக்கா, ஹெட்செட்.

போயிட்டாங்க. திரும்பிக் கூட பாக்கல.

வாங்க சார், உக்காருங்க, யாரும் இல்ல. இந்தப் பையக் கீழ வச்சுக்கறேன். மெட்ராஸ்தானா? நானும்தான். சாரி சார், கால் பட்டுச்சா? சத்தமா? ஆமா சார், நான்தான். இது டேப் டான்ஸ் சார். இந்த அடி என்னோடது. நந்து ரோல்னு பேரு.

எங்கயாவது கேட்ட மாதிரி இருக்கா சார்? இல்லல்ல? நல்லா கேட்டுச் சொல்லுங்க, மறுபடி போடறேன். இல்லல்ல?